டொனகால் வீட்டு அடுப்பங்கரை இரும்பு: எது கொல்லர் கைவேலை, எது வார்ப்பு?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் வடமேற்கே, டொனகால் மாவட்டத்தில் நீங்கள் வாங்கியிருக்கும் பழைய பண்ணை வீட்டின் அடுப்பங்கரையில் சுவரோடு சேர்ந்து ஓர் இரும்புக் கை இன்னும் நிற்கிறது. பின்பக்கக் கொட்டகையில் துளைகள் போட்ட ஒரு நீளப் பட்டை, வயிறு பருத்த மூன்று கால் பானை, தட்டை அடியும் கனத்த மூடியும் கொண்ட ஒரு சட்டி, வளைந்த கைப்பிடியுள்ள வட்டக் கல் (தோசைக்கல் போன்ற இரும்புக் கல்), இதய வடிவச் சுருள்கள் வைத்த சிறிய சட்டம் ஆகிய ஐந்தும் கிடைத்திருக்கின்றன. இவை கையால் செய்தவையா, பெரும் பஞ்ச காலத்தவை என்று வீட்டை விற்றவர் சொன்னது சரியா, இவற்றில் சமைக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் இம்மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன்.

பழைய இரும்புப் பொருள்களைத் துருவிலிருந்து காத்துப் பேணுவது என் தொழில். அதில் பல ஆண்டுகள் அயர்லாந்தின் கிராமப்புற வீடுகளிலிருந்து வந்த பொருள்களோடு கழிந்தன. நீங்கள் இணைத்திருக்கும் படங்களை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், சுவரில் நிற்கும் கை, துளைப்பட்டை, இதயச் சட்டம் ஆகிய மூன்றும் கொல்லர் பட்டறையில் அடித்துச் செய்தவை. பானையும் மூடிச்சட்டியும் வார்ப்படச் சாலையில் வார்த்தவை. இதில் எனக்கு ஐயமில்லை. வட்டக் கல்லைப் பற்றிப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. அதை எப்படிச் சோதிப்பது என்று பின்னால் எழுதுகிறேன்.

இந்தப் பொருள்கள் ஏன் இந்த வடிவில் இருக்கின்றன என்பது அந்த வீட்டு நெருப்பைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும். அங்கே எரிந்தது விறகு அன்று; சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி, கோடையில் உலர்த்தி, கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்த டர்ஃப் கட்டிகள். அவை பெரிய சுவாலை விடுவதில்லை. நிதானமாக, நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். இரவில் கனலைச் சாம்பலால் மூடி வைத்து, விடியலில் கிளறி, அதே நெருப்பை மறுபடி வளர்ப்பார்கள். மேடையோ தட்டியோ இல்லாமல் தரையிலேயே எரியும் இந்த நெருப்பின் மேல் பாத்திரத்தை வைக்க இரண்டே வழிகள்தான் உண்டு: மேலிருந்து தொங்கவிட வேண்டும், அல்லது கால் கொடுத்துக் கனலுக்குள் நிறுத்த வேண்டும். உங்களிடம் உள்ள ஒவ்வொரு பொருளும் இந்த இரண்டில் ஒன்றுக்காகவோ இரண்டுக்குமாகவோ பிறந்தது. மூன்று கால் என்பதும் அழகுக்காக அன்று. மேடுபள்ளமான கல் தரையில் நான்கு கால் ஆடும், மூன்று கால் எங்கும் நிற்கும்.

சுவரில் நிற்பதை அங்கே கிரேன் என்பார்கள். நிமிர்ந்த ஒரு தண்டு, அதன் உச்சியிலிருந்து நெருப்பின் மேல் நீளும் ஒரு கை, இரண்டையும் இணைக்கும் ஒரு சாய்தாங்கி, இவ்வளவுதான் அதன் உடம்பு. தண்டின் அடிமுனை தரைக்கல்லில் குடைந்த ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும்; மேல்முனை சுவரில் பதித்த வளையத்துக்குள் சுழலும். கொதிக்கும் பானையைத் தூக்காமலே, கையைப் பிடித்து நெருப்பிலிருந்து வெளியே திருப்பிவிடலாம். நாள் முழுவதும் கனத்த இரும்புப் பானையோடு மல்லுக்கட்டிய பெண்களின் முதுகுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, நீர் நிறைந்த அத்தகைய பானையை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள். துளைப்பட்டை இந்தக் கையிலிருந்து தொங்கும். அதன் கீழ்க்கொக்கியை எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அந்த உயரத்தில் பானை நிற்கும். நெருப்பின் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லாத இடத்தில் பானையின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் சூட்டைக் கட்டுப்படுத்தும் வழி. முற்காலத்தில் மரத்தாலான கிரேன்களும் இருந்தன. இரும்புக் கிரேன் ஓரளவு வசதி வந்த வீட்டின் அடையாளம்.

கொல்லர் வேலை என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் கிரேனின் கையை ஓரமாகப் பாருங்கள். ஆலையில் உருட்டி எடுத்த இரும்புக் கம்பியின் தடிமன் முழு நீளத்துக்கும் ஒன்றாக இருக்கும். சம்மட்டியால் இழுத்து நீட்டிய கம்பி, முனையை நெருங்க நெருங்க மெலியும். விரலை ஓட்டினால் மெல்லிய அலைகள் தெரியும். சாய்தாங்கி தண்டோடு சேரும் இடத்தில் இரு முனைகளையும் சரிவாகத் தட்டி, வெண்சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடித்து இணைத்திருந்தால், அந்த இணைப்பு சற்றுப் பருத்து, ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு கோட்டோடு நிற்கும். ஆணி அடித்து இணைத்திருந்தால் ஆணித் தலை ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவில் இருக்கும். மின்பற்றவைப்பின் மணி மணியான கோடு தெரிந்தால் அந்த இணைப்பு இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொருள் முழுவதும் புதியது என்று அதற்குப் பொருளில்லை, உடைந்ததை யாரோ பின்னால் ஒட்டியிருக்கலாம். இன்னொரு தடயம் இரும்பின் உடம்பிலேயே இருக்கிறது. கொல்லர்கள் அடித்து வளைத்த மென்மையான இரும்பான பழைய தேனிரும்புக்குள் கசடு இழை இழையாக ஓடியிருக்கும். நெடுங்காலம் துருப்பிடிக்கும்போது இந்த இழைகள் வெளிப்பட்டு, மேற்பரப்பு நீளவாட்டில் பிளந்த மரத்துண்டைப்போல் காட்சி தரும். 1856-க்குப் பிறகு பெசமர் முறையால் மலிவான எஃகு பெருகியது. அது இப்படி இழை பிரியாது, குழி குழியாக அரிக்கும்.

இந்தச் சோதனைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். அடித்துச் செய்தது என்பதை உறுதியாகச் சொல்லும். எப்போது அடித்தது என்பதைச் சொல்லாது. அயர்லாந்தின் கிராமப்புறக் கொல்லர்கள் இருபதாம் நூற்றாண்டு நடுவரையில்கூடக் கிரேன்களையும் கொக்கிகளையும் பாட்டன் செய்த அதே வடிவில் செய்துகொடுத்தார்கள். இழையோடிய தேனிரும்பு என்பதும் இரும்பின் வயதைத்தான் காட்டும், பொருளின் வயதை அன்று. கொல்லர் பட்டறையில் பழைய இரும்பு வீணாவதில்லை. தேய்ந்த வண்டிப் பட்டையும் உடைந்த கலப்பை உறுப்பும் உலையில் புகுந்து வேறொன்றாக வெளியே வரும். ஆகவே 1920-களில் செய்த ஒரு கொக்கிக்குள் நூறு ஆண்டு மூத்த இரும்பு இருக்கலாம். இந்தக் காரணத்தால், ஒரு கொக்கியைப் பார்த்த மாத்திரத்தில் ஆண்டு சொல்லும் வியாபாரியை நான் நம்புவதில்லை.

இதயச் சுருள் வைத்த சட்டம்தான் உங்கள் பொருள்களில் மிகவும் அருமையானது என்பது என் கணிப்பு. அது ஓட்ஸ் ரொட்டியை நெருப்பின் முன் சாய்த்து உலர்த்தும் தாங்கி. வட அயர்லாந்துப் பகுதிகளில் ஹார்னன் என்று சொல்வார்கள். டொனகால் உள்ளிட்ட அல்ஸ்டர் மாகாணம் ஓட்ஸ் தின்ற நிலம். ஓட்ஸ் மாவில் உப்பும் வெந்நீரும், இருந்தால் சிறிது கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய வட்டமாகத் தட்டி, முதலில் வட்டக் கல்லில் சுட்டு எடுப்பார்கள். பிறகு இந்தத் தாங்கியில் நிமிர்த்தி, கனலின் எதிரே வைத்து, நெடுநேரம் ஈரம் முழுவதும் வற்றக் காயவிடுவார்கள். அப்படிக் காய்ந்த ரொட்டி வாரக்கணக்கில் கெடாது. நெருப்பைப் பார்த்த முகத்தில் ரொட்டி சாயும், பின்னால் ஒரு கால் தாங்கும், கீழே ஒரு விளிம்பு ரொட்டி நழுவாமல் பிடிக்கும். இதற்கு மேல் அதற்கு வேலையில்லை. ஆனாலும் கொல்லர் அதில் சுருள் வைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: இடப்பக்கச் சுருளின் சுற்று வலப்பக்கத்தைவிடச் சற்று இறுக்கமாக இருக்கிறது, இரண்டும் சேரும் இடத்தில் ஒரே ஒரு ஆணி. அச்சில் வைத்து வளைக்காமல் கண்ணளவில் வளைத்தவர் கை அது. இவை திருமணப் பரிசாகச் செய்தவை என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் எதிரெதிரே வளைத்த இரு சுருள்கள் சேர்ந்தால் தானாகவே இதய வடிவம் வரும், அது கொல்லருக்கு மிக எளிதான அணி. எழுத்தோ ஆண்டோ பொறித்திராத தாங்கியை மணப்பரிசு என்று நான் எழுதி வைக்கமாட்டேன்.

இனி வார்ப்புப் பொருள்கள். வார்ப்பிரும்பைச் சம்மட்டியால் அடிக்க முடியாது, அடித்தால் உடையும். ஆகவே கிராமக் கொல்லர் இந்தப் பானையைச் செய்திருக்க வழியே இல்லை. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707-இல் காப்புரிமை பெற்றார். 1709-இல் கோல்புரூக்டேலில் நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக் கரியால் இரும்பு உருக்கத் தொடங்கினார். அதன் பிறகு இரும்புப் பானை மெல்ல மெல்ல ஏழை வீட்டுக்கும் எட்டியது. ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் அருகே கேரன் நிறுவனம் 1759-இல் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலேயே வார்ப்படச் சாலைகள் பெருகின. உங்கள் பானை இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ வார்த்ததாக இருக்கலாம். பெயரோ எண்ணோ இல்லாவிட்டால் எது என்று வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பானையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய மேடு, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு. அடியில் வட்டத் தழும்போ நீளத் தழும்போ இருந்தால், அது உருகிய இரும்பை ஊற்றிய வாய் உடைக்கப்பட்ட இடம். வட்டத் தழும்பு பொதுவாக முந்தையது, நீளத் தழும்பு பிந்தையது என்று சேகரிப்பாளர்கள் கொள்வது ஏறத்தாழச் சரியே. ஆனாலும் தனி ஒரு பானைக்கு ஆண்டு சொல்ல அது போதாது.

வார்ப்பு என்றதும் அது கைவேலை இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். மரத்தாலோ உலோகத்தாலோ செய்த மாதிரியைச் சுற்றி ஈரமணலைக் கையால் இடித்து நிரப்பி, மணல் சரியாமல் மாதிரியை உருவி, உள்ளே குழிவுக்கான கருவைத் தொங்கவிட்டு, ஒரே மூச்சில் ஊற்றி முடிக்க வேண்டும். கரு சற்று நகர்ந்திருந்தால் பானையின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். உங்கள் பானையின் விளிம்பைச் சுற்றிலும் இரு விரல்களால் தடவிப் பாருங்கள். அந்த வேறுபாடு கைக்குத் தெரியக்கூடும். கொல்லரின் வேலையில் ஒவ்வொரு பொருளும் தனி. வார்ப்படச் சாலையில் ஒரே மாதிரியிலிருந்து ஆயிரம் பொருள்கள் பிறக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அதுதான்.

வட்டக் கல்லுக்கு வருகிறேன். நம் தோசைக்கல்லை நினைத்துக்கொண்டால் அதன் பயன் உடனே புரியும். அரைவட்டக் கைப்பிடியில் மாட்டித் தொங்கவிடுவது மட்டுமே வேறுபாடு. முந்தையவை அடித்துத் தட்டையாக்கிய தகட்டில் செய்தவை. பிந்தையவை பெரும்பாலும் வார்ப்பு. ஒரு நூலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுங்கள்: அடித்த தகடு நீண்டு ஒலிக்கும், வார்ப்பு சட்டென்று அடங்கும். முழு உறுதியான சோதனை அன்று. கைப்பிடியின் காதுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காதுகள் ஆணியால் பொருத்தியிருந்தால் கொல்லர் வேலை, கல்லோடு ஒரே உடம்பாகப் பிறந்திருந்தால் வார்ப்பு. காதுகளைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினால் சொல்லிவிடுவேன்.

மூடிச்சட்டியைத் தெற்கே மன்ஸ்டர் மாகாணத்தில் பாஸ்டிபிள் என்பார்கள். வடக்கே பானை ஓவன். தனி ஓவன் இல்லாத வீட்டில் இதுதான் ஓவன். மாவை உள்ளே வைத்து, கனலின் மேல் நிறுத்தியோ தொங்கவிட்டோ, மூடியின் மேலும் கனன்ற டர்ஃப் துண்டுகளை அடுக்கினால் மேலும் கீழும் சூடு சமமாகப் பாயும். பேக்கிங் சோடா கிராமங்களுக்குள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில்தான். அயர்லாந்தில் விளையும் மென்மையான கோதுமை ஈஸ்ட் ரொட்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் வீட்டில் எப்போதும் இருந்த மோரின் புளிப்போடு சோடா சேர்ந்தால் மாவு எழும். இன்று அயர்லாந்தின் தொன்மையான உணவு என்று எல்லோரும் நினைக்கும் சோடா ரொட்டி அப்படிப் பிறந்தது. உங்கள் மூடியின் மேற்புறத்தைப் பாருங்கள்: நடுப்பகுதி பொருக்குப் பொருக்காக உரிந்து, விளிம்பு மட்டும் வழவழப்பாக இருந்தால் அதன் மேல் நெடுங்காலம் கனல் கிடந்திருக்கிறது. இந்த அடையாளம் போலிகளில் இருக்காது. சுற்றுலா விடுதிகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் அலங்காரமாகச் செய்யும் புதியவற்றில் துரு எல்லா இடத்திலும் ஒரே செம்மஞ்சளாகப் படர்ந்திருக்கும், தேய வேண்டிய இடம் தேய்ந்திருக்காது.

பஞ்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1845-இல் உருளைக்கிழங்கு நோயில் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கு மேலும் பலர் கப்பலேறினார்கள். 1847-இல் அரசு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது; அந்தக் கோடையில் உச்சத்தில் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேர் அவற்றால் உயிர் பிழைத்தார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையினரும் பெரிய வார்ப்புக் கொப்பரைகளை ஊர் ஊராக அனுப்பினார்கள். பஞ்சப் பானை என்ற சொல் பொருந்துவது அந்தக் கொப்பரைகளுக்குத்தான். அவை ஓர் ஊருக்கே கஞ்சி காய்ச்சும் அளவு பெரியவை. உங்களுடையது ஒரு குடும்பத்தின் பானை. அதில் உருளைக்கிழங்கை வேகவைத்து, பானையின் வாயில் வைத்த பிரம்புக் கூடையில் கவிழ்த்து நீரை வடித்து, கூடையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பன்றிக்கும் கோழிக்கும் கிழங்கு வெந்ததும் இத்தகைய பானையில்தான். இந்த வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை பெரிதாக மாறவில்லை. எனவே அது பஞ்சத்தைக் கண்டிருக்கலாம், கண்டிராமலும் இருக்கலாம். விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்டதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அத்தனை உயிர்களைத் தின்ற ஒரு துயரத்தின் பெயரைச் சான்றில்லாமல் ஒரு பானைமேல் ஏற்றுவது முறையன்று என்று உறுதியாக நினைக்கிறேன்.

காலத்தின் மறுமுனையை ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம். நெருப்பை உள்ளே அடைத்து எரிக்கும் ரேஞ்ச் என்ற வார்ப்பிரும்பு அடுப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொரு வீடாக வந்தன. 1946-இல் கிராமப்புற மின்மயத் திட்டம் தொடங்கியது. அதையடுத்த ஆண்டுகளில் திறந்த நெருப்பு பெரும்பாலான சமையலறைகளிலிருந்து மறைந்தது. பானைகள் கொட்டகைக்குப் போயின, பூந்தொட்டிகளாயின, கோழிகளுக்குத் தண்ணீர்த் தொட்டிகளாயின. உங்கள் கிரேன் இன்னும் சுவரில் நிற்பதால் அந்த வீட்டில் திறந்த அடுப்பைக் கல் வைத்து அடைக்கவில்லை என்று தெரிகிறது. அதைக் கழற்றாதீர்கள். தன் குழியிலும் வளையத்திலும் நிற்கும் கிரேன் வீட்டின் உறுப்பு. கழற்றியது வெறும் இரும்புக் கம்பி.

இரும்பு சொல்லாததை மனிதர்கள் சொல்லக்கூடும். அந்தத் தெருவில் வயதானவர்கள் இருந்தால், எந்தக் கொல்லரின் உலை அருகில் இருந்தது என்று கேளுங்கள். 1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு பெரியவர்களிடம் கேட்டு எழுதவைத்த ஏடுகளில் ஊர்க் கொல்லர் உலை, வீட்டு ரொட்டி ஆகியவை தனித் தலைப்புகளாகவே உள்ளன. அவை ஊர்வாரியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரில் தேடினால் அந்தக் கொல்லரின் பெயரே கிடைத்தாலும் வியப்பதற்கில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மாயோ மாவட்டம் டர்லக் பார்க்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்வுப் பிரிவும், பெல்ஃபாஸ்ட் அருகே கல்ட்ராவில் உள்ள அல்ஸ்டர் நாட்டார் அருங்காட்சியகமும் சிறந்தவை. தாங்கியின் படத்தை இரண்டாவதற்கு அனுப்பிக் கேட்கலாம்.

கடைசியாக, சமைக்கலாமா என்பது. தாங்கியிலும் துளைப்பட்டையிலும் கிரேனிலும் கைவைக்க வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசு தட்டி, உலர்ந்த இடத்தில் வைத்து, நுண்படிக மெழுகு மெல்லியதாகப் பூசினால் போதும். கிரைண்டர், மணல்வீச்சு, அமிலம் மூன்றும் கூடவே கூடாது. நான் மேலே சொன்ன இழையும் சம்மட்டி அலையும் தேய்மானமும் மேற்பரப்பில்தான் இருக்கின்றன, ஒரே பிற்பகலில் எல்லாம் போய்விடும். பானையையும் மூடிச்சட்டியையும் பயன்படுத்த ஆசை இருந்தால் முதலில் விரிசல் பாருங்கள். தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்தால் கசிவு தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானது, கொட்டகையில் கிடந்த காலத்தில் அவற்றில் என்ன இருந்தது என்பது. பழைய பானைகளில் ஈயம் உருக்கியிருப்பார்கள், சாயம் கலக்கியிருப்பார்கள், ஆட்டு உண்ணி மருந்து கரைத்திருப்பார்கள். பழைய உண்ணி மருந்துகளில் ஆர்சனிக் இருந்தது. உள்ளே வெள்ளீயப் பூச்சோ எனாமலோ தெரிந்தால் அதில் சமைக்க வேண்டாம். வெறும் இரும்பாக இருந்தாலும் கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைப் பட்டையால் பாருங்கள். ஆனால் ஆர்சனிக்கை அது காட்டாது என்பதால், பின்கதை தெரியாத பானையில் நான் சமைக்கமாட்டேன். மூடிச்சட்டி அடுக்களையிலேயே இருந்தது என்று யாராவது உறுதி சொல்லி, சோதனையிலும் தேறினால், வெந்நீரில் கழுவி, எண்ணெய் தடவிப் பலமுறை காய்ச்சிப் பழக்கிவிட்டுச் சோடா ரொட்டி சுடலாம். அதற்கு முன் எல்லாப் பொருள்களையும் கிடைத்த இடத்தோடு படமெடுத்து, வீட்டை விற்றவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, அவற்றோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.